நீலக் கொம்பு

காணும் பொங்கலுக்கு மறுநாள் டாக்டர் கஸ்தூரி வேனிலிருந்து இறங்கி எங்கள் ஆடுகளைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை கொம்புகளும் மஞ்சளும் பச்சையும் ரோஜாவுமாகப் பளபளத்தன. கையிலிருந்த ஊசிப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மார்கழிக் கடைசியில்தான் அவர் வந்து எங்கள் வெள்ளாடுகளுக்கு ஊசி போட்டுப் போயிருந்தார். பாதி ஆடுகளுக்குப் புதிதாகக் கண்டுபிடித்த அம்மைத் தடுப்பு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். அடையாளத்துக்குச் சிலவற்றின் கொம்பில் சிவப்பு, சிலவற்றில் நீலம். எந்த நிறம் மருந்து என்பதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். சிவப்புதான் மருந்து என்று ஊரே முடிவு கட்டியது. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் தன் ஆடுகளுக்கெல்லாம் சிவப்பே வேண்டுமென்று மல்லுக்கு நின்றான். சீட்டுக் குலுக்கலில் வருவதுதான் நிறம் என்று கம்பவுண்டர் சகாதேவன் அவனை அடக்கினார். பிறகு மாட்டுப் பொங்கல் வந்தது. மாட்டுக் கொம்புக்குப் போக மிஞ்சிய வர்ணத்தை ஆட்டுக்கும் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். வருஷா வருஷம் பூசுவதைத்தான் பூசினோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"எது செவப்பு, எது நீலம்னு இனிமே அந்த அண்ணாமலையாரைத்தான் கேக்கணும்" என்றார் சகாதேவன்.

"பண்டிகை நாள்ல கொம்பை மொட்டையா வுட்டுருவாங்களா? நீங்க பொங்கல் கழிச்சு வந்திருக்கணும்" என்றான் ராஜமாணிக்கம்.

டாக்டர் அவனைத் திட்டவில்லை. "எங்க வீட்லயும் பூசறதுதான். எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு" என்றார். பிறகு, மேலதிகாரிகளுக்கு இது தெரிந்தால் சோதனையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், மருந்தும் அங்கேதான் போகும் என்று மெதுவாகச் சொன்னார்.

என் மனைவி ரேணுகாம்பாள் அதுவரை ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கிணறு வெட்டுகிறவன். மழைக்காலத்தில் கிணற்றில் இறங்க முடியாது. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிவது அவள் ஆடுகளால். போன மாசியில் அம்மை கண்டு பட்டியில் இரண்டைத் தவிர எல்லாம் போயின. வாயெல்லாம் கொப்புளம் வந்து, தழையைப் பார்த்தபடி தின்ன முடியாமல் செத்தன. வேங்கிக்கால் ஏரிக்கரையில் நான் குழி வெட்ட வெட்ட அவள் கொண்டுவந்து கிடத்தினாள். ஆத்தா தருகிற நோய்க்கு ஊசி கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னதைத் தட்டிவிட்டு, மறுபடி வாங்கிச் சேர்த்தவற்றிலிருந்து இந்த வருஷம் ஊசிக்கு முதலில் ஆட்டை இழுத்து வந்தவள் அவள்தான்.

"ஏம்மா, ஆட்டுக்குள்ள போன மருந்து, வர்ணம் போனா போயிடுமா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"போகாதும்மா. ஆனா எது உள்ள போச்சுன்னு தெரியணும். லேப்ல கண்ணாடிக் குப்பியில இந்த மருந்து ஜெயிச்சாச்சு. மேயற, குட்டி போடற, உசுரோட இருக்கற ஒடம்புல ஜெயிக்குதான்னு பாக்கத்தானே இங்க வந்தேன்? மருந்து போட்டது எது, போடாதது எதுன்னு தெரியலன்னா, எது பொழைச்சாலும் அது மருந்தாலதான்னு சொல்ல முடியாது."

ராஜமாணிக்கத்தின் கிடா ஒன்று தினவெடுத்து, வேலிக் கல்லில் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் அதையே பார்த்தாள். குட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போய் அதன் கொம்பைப் பிடித்தாள். மஞ்சள் பொடியாக உதிர்ந்த இடத்தில் விரற்கடை அகலத்துக்கு நீலம் தெரிந்தது.

டாக்டர் பூசியது எனாமல் பெயிண்ட். நாங்கள் பூசியது சந்தையில் வாங்கிய வர்ணப் பொடி. அடுத்த நிமிஷம் ஊரே தேங்காய் நாரும் தண்ணீர்க் குடமுமாக ஆடுகளின் மேல் விழுந்தது. இரண்டு நாள் முன்பு ஆசையாகப் பூசியதை அன்று அதைவிட ஆசையாகக் கழுவினார்கள். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று சகாதேவன் பிரித்து நிறுத்தினார்.

எங்கள் ஆடுகளின் கொம்பில்தான் ஒன்றும் தெரியவில்லை. நான் மாட்டுக்குச் செய்வதுபோலக் கண்ணாடிச் சில்லால் கொம்பை வழித்துச் சீவிவிட்டுப் பூசியிருந்தேன்.

"யாருய்யா உன்னை இவ்ளோ சுத்தமா சீவச் சொன்னது?" என்றாள் ரேணுகாம்பாள். "சோம்பேறிங்க ஆடெல்லாம் தப்பிச்சுது."

டாக்டர் எங்கள் ஆடுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இதுங்க சோதனையில சேராதும்மா" என்றார். ரேணுகாம்பாளின் முகம் செத்துப்போனது. "சோதனையில சேராத ஆட்டுக்கு நான் தண்ணி ஊசி போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. சகாதேவன், அந்த மருந்தை எடுங்க. எல்லாத்துக்கும் போட்டுடலாம்."

ராஜமாணிக்கம் தன் ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டே, "டாக்டரம்மா, வேணும்னா நானும் இப்பவே சீவிடறேன்" என்றான். டாக்டர் சிரித்த சிரிப்பில் ஊசி போடக் கை நிற்காமல் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாசி பிறந்து அம்மை வந்தது. போளூர்ப் பக்கமிருந்து வாங்கி வந்த ஒரு கிடாவோடு வந்தது. முதலில் படுத்தவை சிவப்புக் கொம்புகள். ஊரே மருந்து என்று நம்பிய சிவப்பு வெறும் தண்ணீர். நீலக் கொம்புகள் அவற்றோடு ஒரே தொட்டியில் குடித்தன, ஒரே பட்டியில் முட்டிக்கொண்டு படுத்தன. ஒன்றுக்கும் கொப்புளம் எழும்பவில்லை. எங்களுடையவையும் அப்படித்தான். நான் வேலையிலிருந்து வந்ததும் குளிக்கக்கூடத் தோன்றாமல் ஒவ்வொன்றின் உதட்டையும் தடவிப் பார்ப்பேன். வழவழவென்று இருக்கும். பாறையில் காய்த்துப்போன என் விரலுக்கே அது தெரிந்தது.

ராஜமாணிக்கத்துக்கு இரண்டு ஆடுகள் போயின. ஒரு நாள் முழுதும் டாக்டரையும் சீட்டையும் தன் தலையெழுத்தையும் வைதான். டாக்டர் வந்து, சோதனை முடிந்தது, இனி சிவப்புக்கும் மருந்து என்று சொன்னபோது வரிசையில் முதலில் நின்றவன் அவன்தான். "ஆத்தா கோச்சுக்க மாட்டாளா?" என்று யாரோ சீண்டினார்கள். "ஆத்தாதான் இந்தம்மாவ அனுப்பிச்சது, போடா" என்றான்.

டாக்டர் ரேணுகாம்பாளிடம், "குப்பியில பாத்தப்ப எனக்கு நம்பிக்கைதான் இருந்தது. இப்பதான் நிச்சயமாத் தெரியுது" என்றார்.

பங்குனியில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வந்துகொண்டிருந்தேன். வேலூர் சாலையை எங்கள் ஊர் ஆடுகள் அத்தனையும் ஒன்றாகக் கடந்துகொண்டிருந்தன. முன்னால் ரேணுகாம்பாள் போனாள். பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னும் எவ்ளோம்மா இருக்குது?" என்று கத்தினார்.

"ஜாஸ்தி இருக்குது. கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மலைப் பக்கமிருந்து அவை வந்துகொண்டே இருந்தன. வாய் நிறையத் தழையை மென்றுகொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டு வந்தன. கடைசியாக ஒரு கறுப்புக் குட்டி நடுச்சாலையில் நின்று பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.