நாவுலயில் வளர்ந்த வெள்ளைக் கல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. படிகக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சஞ்சிகைக்காரர் ஒருவர் கேட்டார். அந்தக் கல்லின்மேல் எனக்குப் பைத்தியம். ஆசையோடு உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

'குவாட்ஸ் எனப்படும் படிகம், சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்து உருவாகும் ஒரு—'

இதற்கு மேல் யார் படிப்பார்? நானே படிக்கமாட்டேன்.

மறுநாள் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நாவுலயில் ஏறிய ஒரு பெண் கூட வந்தவளிடம் கேட்டாள்: "கல்லு வளருமா?" மற்றவள் வாயைத் திறப்பதற்குள் சாரதி பாட்டை அலறவிட்டுவிட்டான். எனக்குக் கிடைத்தது அந்தக் கேள்வி மட்டுமே. மிச்சத்தை எல்லாம் நான்தான் கட்டினேன். பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

2

அவளுக்கு றாபியா என்று பெயர் வைத்தேன். கணவர் மௌத்தாகி அடக்கமான பிறகு கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனவள். மகள் ஆதிபாவை மாத்தளை டவுனில் மாமி வீட்டில் விட்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் கழித்து, மகளின் நிக்காஹ்வுக்காக நாவுலயில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்திருக்கிறாள். வீடு ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. வந்ததும், சமைக்கிற குசினியின் வாசலில் தூவிய கீரை அப்படிச் செழித்துவிட்டது. "பறக்கத்தான மண்ணு, அருள் இறங்கின மண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.

சரிவின் மேலே மர்சூக்கின் தோட்டம். மர்சூக், கணவரின் நானா, அதாவது அண்ணன். இரு காணிக்கும் இடையே எல்லையாக நிற்பது ஒரு வெள்ளைப் படிகக் கல். திருவானாக் கல் என்று சிங்களப் பெயரைத்தான் ஊரே சொல்லும்.

கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் றாபியா கேட்டாள்:

"மச்சான், நான் போகக்குள்ள இந்தக் கல்லு கெண்டைக்காலுக்குத்தான் நிண்டுச்சி. இப்ப முழங்காலத் தாண்டி நிக்கிது. அடியும் என்ட பக்கம் அகண்டு வந்திருக்கு. பழைய கல்ல எடுத்துட்டு வேற கல்லு வெச்சீங்களா?"

"கல்லு அதேதான்."

"அப்ப, கல்லு வளருமா?"

மர்சூக் கையிலிருந்த பிளேன்டீயைக் குடித்து முடித்தார். கோப்பையை மெதுவாக வைத்தார்.

"றாபியா, காணி புடிச்ச கள்ளன் உன்ட மகள எப்புடி நிக்காஹ் செஞ்சு குடுக்கிறது? வேற வலீ பாத்துக்க."

[வலீ என்றால் மணமகளை முறைப்படி கையளிக்கும் பொறுப்பாளர். ஆதிபாவுக்கு வாப்பா இல்லை, வாப்பாவின் வாப்பாவும் இல்லை, கூடப்பிறந்த ஆண்பிள்ளையும் இல்லை. வாப்பாவின் நானாதான் அந்த இடத்தில் நிற்க வேண்டும். திருமண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போய் வேறு வழி கேட்கலாம்தான். ஆனால் பெரியவாப்பா உயிரோடு மேட்டு வீட்டில் இருக்க, 'வலீ மறுத்த பிள்ளை' என்ற பேச்சோடு புகுந்த வீட்டுக்குப் போவது யார்? ஆதிபாதானே.]

நிக்காஹ் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

3

இங்கே கதை நிற்கட்டும். அந்தக் கல்லைப் பற்றி நான் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். சஞ்சிகைக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

கத்தியால் கீறிப் பாருங்கள். கத்திதான் தேயும். வீட்டிலிருக்கும் எந்த அமிலத்தை ஊற்றினாலும் அசையாது. சுத்தமாக இருந்தால் நீரைப்போல நிறமே இல்லை. துளி இரும்பு கலந்து, பாறையின் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறச் செவ்வந்திக்கல். அதையே சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சள். புகை நிறத்தில் ஒன்று, ரோசா நிறத்தில் ஒன்று, வரி வரியாக அகேட் என்று இன்னொன்று. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் அழுக்குச் சேர்ந்ததும் இவ்வளவு அழகாகிற பொருள் வேறு எது? என்னிடமும்தான் அழுக்கு இருக்கிறது, ஒரு நிறமும் வரவில்லை.

உங்கள் மணிக்கூட்டுக்குள் ஒரு படிகத் துண்டு மின்சாரத்தில் அதிர்ந்து நேரம் காக்கிறது. சன்னல் கண்ணாடி இதன் மணலை உருக்கியது. கைபேசியின் மூளையும் கூரையில் வெயில் காயும் சோலார் தகடும் இதிலிருந்து பிரித்த சிலிக்கன். மலையில் மற்றக் கற்கள் மழையில் இற்று மண்ணாகிப் போகும்போது, இது மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். அதன் நிமிர்வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைகட்டி நிற்கத் தோன்றும்.

4

ஆகவே பதில் எனக்குத் தெரியும். கல் வளரவில்லை. அது நிலத்துக்குள் ஓடும் ஒரு படிக நரம்பின் தலை. சுற்றியிருந்த மண் கழுவுண்டு போனதால் உயரமாகத் தெரிகிறது. அடிப்பகுதி அகலம் என்பதால் இந்தப் பக்கம் நகர்ந்ததுபோல் இருக்கிறது.

ஆனால் இதை றாபியாவிடம் யார் சொல்வது? முதல் வரைவில், கச்சேரி என்கிற மாவட்ட அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் என் சிநேகிதி அஜிதாவை ஜீப்பில் அனுப்பினேன். 'அஜிதா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது புவிச்சரிதவியலின்படி" என்று—'

வரைவைப் படித்த அஜிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஏன் அங்க போகவேணும்? ஆரோ ஒரு உத்தியோகத்தர் வந்து விளக்கம் சொன்னவுடன சனம் சமாதானமாகிறதோ? உமக்குக் கை ஓடேல்லையெண்டால் என்ர தலையில கட்டாதையும்."

அவளை வெட்டினேன். மர்சூக் அலவாங்கோடு கல்லின் அடியைத் தோண்டும் காட்சி எழுதினேன். அதுவும் சரிவரவில்லை. மனிதர் ரோசக்காரர். தன் நேர்மையை நிரூபிக்கக் குழி தோண்டமாட்டார். அஜிதாவிடம் மீண்டும் போய்ப் புலம்பினேன்.

"நீர் கல்லையே வாயைப் பிளந்து பாத்துக்கொண்டிருக்கிறீர்," என்றாள். "கழுவுண்ட மண் எங்க போச்சு?"

எனக்குச் சுரீர் என்றது. படிகத்தின்மேல் இருந்த மோகத்தில் மண்ணை மறந்தே போயிருந்தேன்.

5

வியாழன் காலை. மாத்தளையிலிருந்து வந்த ஆதிபா குசினி வாசலில் நிற்கிறாள்.

"உம்மா, வாப்பா இதுக்கு மூணு படி கட்டினாரே. ஆகக் கீழ்ப்படியில வெள்ளக் கல்லு பதிச்சாரு. நான்தான் பொறுக்கிக் குடுத்தேன். அது எங்க?"

"ரெண்டு படிதான். நீ அப்ப சின்னப் புள்ள, உனக்கு என்ன ஞாபகம்?"

"மூணு, உம்மா."

"கலியாணப் பொண்ணுக்கு வாய் கூடிப்போச்சு. இல்லாத படிய எப்புடிக் காட்டுறது? இந்தா பாரு."

மகளின் வாயை அடைக்கத்தான் றாபியா மண்வெட்டியை எடுத்தாள். கீரையை ஒதுக்கிவிட்டுக் கொத்தினாள். மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. முழங்கை ஆழத்தில் ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. மண்வெட்டியின் வாய் மழுங்கிவிட்டது. ஆதிபா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மூன்றாவது படி. அதில் பதித்த வெள்ளைக் கற்கள் ஒரு கீறலும் இல்லாமல் மின்னின. (கட்டுரைக்காரன் இங்கே கைதட்டினான். கதைக்காரன் அவனை அதட்டினான்.)

றாபியா தோண்டிய மண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து சரிவைப் பார்த்தாள். கல்லுக்கு மேலே மர்சூக்கின் தோட்டம் சிவந்து, வெறும் சரளையாகக் கிடந்தது. மிளகாய்ச் செடிகள் வாடி நின்றன. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்லு வளரல்ல மகள். அவர்ட மண்ணுதான் மழைக்கு இறங்கி வந்திருக்கு. அவர்ட மண்ணுல கீரை போட்டுட்டு அவரையே கள்ளன் எண்டு சொல்லிட்டேனே."

அவளுக்கு அழுகை வந்தது. ஆதிபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தபின் றாபியா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"பின்னேரம் எல்லாரும் ஒருக்கா வந்துட்டுப் போங்க. உங்களுக்கு முன்னாலதான் சொன்னேன். திருத்துறதும் உங்களுக்கு முன்னாலயே நடக்கட்டும்."

6

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன்.

ஒன்றில் மர்சூக் சிரித்துவிடுகிறார். அடுத்த பக்கத்தில் எல்லோரும் ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வெட்கமாக இருந்தது. சம்பந்தி வீட்டார் முன் கள்ளன் என்ற பேச்சைக் கேட்ட மனிதருக்கு அவ்வளவு சுலபமாக ஆறிவிடுமா?

மற்றதில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஞாயிறன்று நிக்காஹ் ஓதுவதை மேட்டு வீட்டில் தனியாக இருந்து கேட்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

ஆகவே இதுவரைதான் என்னால் முடிந்தது: பின்னேரம், மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருக்க, றாபியா அந்தக் கறுத்த மண்ணை ஒரு பேசின் நிறைய அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். கல்லருகே மர்சூக் நின்றார்.

"மச்சான், இது உங்கட மண்ணு. இன்னும் எவ்வளவோ என்ட வாசல்ல கிடக்கு, எல்லாத்தயும் சுமந்து தாறேன். நான் சொன்னது பெரிய பிழை. என்ட மகளுக்கு வலீயா வாங்க."

மர்சூக் பேசினுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். விரல்களால் உதிர்த்துப் பார்த்தார். ஆதிபாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

'மர்சூக் சொன்னார்: "—'

அந்த மேற்கோள் குறி மூடாமல் கிடக்கிறது. நான் கல்லின் பக்கம் இருந்தே பழகியவன். மன்னிக்கிற காரியத்தில் கல்லிடம் கேட்க ஒன்றுமில்லை. யாரையாவது மன்னித்தவர்கள், மன்னிக்க முடியாமல் போனவர்கள் உங்களுக்குள் இருப்பீர்கள். அவர் வாயில் வரவேண்டியதை நீங்கள் எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். ஈர மண் பாரம். அவர் சொல்லும்வரை றாபியா பேசினைக் கீழே வைக்கமாட்டாள்.