பலீல் வீட்டில் மகள் இல்லை

பொலிஸ் ஜீப் உக்குவளைக் கடைவீதியில் வந்து நின்றதுமே உம்மா மஸூதாவைப் பின்னறைக்குள் தள்ளி, மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். பட்டம் வாங்கிய மகளை மூட்டையோடு மூட்டையாக ஒளித்துவைக்கிற காலம் அது. இடதுசாரி இளைஞர்கள் அரசை எதிர்த்து எழுந்த எழுபத்தொன்று சித்திரைக் கலகம் அடங்கிச் சில மாதங்கள்தான். கெம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள் என்றாலே பொலிஸ் தேடியது. பக்கத்து ஊர் யட்டவத்தையில் ஒரு பையனை விசாரிக்க என்று கூட்டிப்போனார்கள்; இன்னும் திரும்பவில்லை.

முன்கடையில் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். "மஸூதா பலீல் இங்கதானே?"

"அப்படி யாரும் இல்ல மாத்தையா," என்றார் வாப்பா.

மஸூதா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மிளகுத் தூசி தொண்டையில் ஏறியது. தும்மினால் தொலைந்தது.

பக்கத்துக் கடை சாலிஹ் நானா சும்மா இருப்பாரா? முட்டுக்கொடுக்க ஓடி வந்தார். "பலீல் நானாவுக்கு எல்லாம் பொடியன்கள்தான் சார். பொம்புளப் புள்ளைய கெம்பஸுக்கு அனுப்புற மூஞ்சியா இது?"

"கெம்பஸ்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

சாலிஹ் நானாவின் செருப்பு மெல்லப் பின்வாங்கியது.

"பேராதனைக் கெம்பஸில மெய்யியலுக்கு உதவி விரிவுரையாளர் வேலை," என்றார் சார்ஜன்ட். "தமிழ்ல படிப்பிக்க இவங்களத் தெரிவு செஞ்சிருக்காங்க. குடும்பத்தப் பத்தி எங்ககிட்ட அறிக்கை கேட்டாங்க. ஆள் இல்லன்னா இல்லன்னே எழுதிட்டுப் போறேன்."

நேர்முகத்தில், "பொம்புளைக்கு எதுக்கும்மா மெய்யியல்?" என்று கேட்ட பேராசிரியரிடம், "ஆம்பிளைக்கு எதுக்கு சார்?" என்று திருப்பிக் கேட்டவள் மஸூதா. இப்போது மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அந்த ஆள் சொல்வது உண்மையென்றால் வேலை இந்த நிமிஷமே போகிறது. பொய்யென்றால் வெளியே கால்வைத்ததும் ஜீப்தான்.

"எழுதிட்டுப் போங்க மாத்தையா," என்றார் வாப்பா.

மஸூதா எழுந்தாள். உம்மா முந்தானையைப் பிடித்தாள். "போகாத புள்ள! இப்படி ஏதாவது சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாங்க."

"தெரியும். விடுங்க உம்மா."

வெளியே வந்தவளைச் சார்ஜன்ட் மேலும் கீழும் பார்த்தார். "கார்ல் மாக்ஸ் படிச்சீங்களா?"

வாப்பா கண்ணாலேயே கெஞ்சினார், இல்லை என்று சொல்லச் சொல்லி.

"படிச்சேன். பரீட்சைக்கு வந்துச்சு. பிளேட்டோவும் படிச்சேன், அவரையும் எழுதிக்கங்க."

"வாப்பா ஏன் மகள் இல்லன்னாரு?"

"உங்க ஜீப்பப் பார்த்துத்தான்."

எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்டின் பேனை நின்றது. ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிள் துப்பாக்கியை மடியில் மாற்றி வைத்தான். சார்ஜன்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார். என்ன என்று காட்டவில்லை.

"கையெழுத்து வைங்க."

வைத்தாள். பேர் கோணல்மாணலாக விழுந்தது.

"பயமா?"

"ஆமா."

அவர் தாளை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் மாத்தளைப் பக்கம் போனது. வீதியில் ஒரு கடைக்காரனும் தலை நீட்டவில்லை. வாப்பா நாற்காலியில் சரிந்தார்.

"வேலை தருவாங்களா புள்ள, இழுத்துட்டுப் போவாங்களா?"

"தெரியாது வாப்பா. எதுக்கு வந்தாலும் இனி நான் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."