கறுப்பு அலகு, மஞ்சள் நுனி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பருத்தித்துறை பஸ்ஸில். பக்கத்தில் இருந்த உதயகலா சொன்னாள். முடிவில், "உந்தக் கதையை எழுதிப்போடாதேங்கோ" என்றாள். எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மணற்காட்டுக் கடலின் மேல் விடியல்...' வேண்டாம். உதயகலா விடியலைப் பார்க்கப் போகவில்லை. கந்தோர் வேலை இல்லாத ஞாயிறுகளில், தொலைநோக்கியோடு பத்து வருடம் அந்தக் கரையில் நடந்தது ஓர் ஆலாவுக்காக. கறுப்பு அலகு, நுனி மட்டும் மஞ்சள். இந்தப் பக்கம் அபூர்வமாக வரும் கடற்பறவை. எங்கள் பறவைக் குழுவின் பதிவேடும் அவளிடம்தான்.

நெல்லியடியில் போன் திருத்தும் கஜானன், குழுவில் சேர்ந்த மூன்றாம் மாதமே அதைக் கண்டான். படம் எடுக்கமுன் பறந்துவிட்டது.

உதயகலா வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "தம்பி, நீர் பாத்தது வழமையான மஞ்சள் அலகு ஆலா. அலகிலை சேறு பிரண்டிருக்கும்."

"சேறு எண்டால் நுனியிலைதானே அக்கா முதல் ஒட்டும்?"

அவள் பதிலும் போடவில்லை, பதிவும் போடவில்லை. யாரோ சிரிப்புக் குறி போட்டார்கள். [யாரோ அல்ல. நான்.] கஜானன் குழுவை விட்டுப் போனான்.

3

உதயகலாவை நல்லவளாக்கப் பார்த்தேன்: கவனமானவள், ஆதாரம் கேட்பவள் என்று ஒரு பந்தி. வெட்டிவிட்டேன். அவளே சொன்னது வேறு: "அவன் சொன்ன உடனையே தெரியும், அதுதான் எண்டு. பத்து வருஷம் நடந்தது நான். எரிஞ்சுது."

4

இரண்டு வருடம் கழித்து, இந்த மாசியில், அவளும் கண்டாள். ஆலா அலைநீரில் முங்கிக் குளித்து எழுந்தது. கறுப்பு அப்படியே இருந்தது. ஆறு படம் எடுத்தாள். சந்தோஷம் வரும் என்று நின்றாள். வரவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனாள். கஜானன் படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தான்.

"ஓம். உதுதான்."

"முதல் பதிவு உம்மடை பேரிலைதான் போட்டிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வாருமன்."

"இப்ப நான் போறேல்லை அக்கா." போனைத் திருப்பிக் கொடுத்தான். "அண்டைக்கு நீங்கள் உண்மையாவே சேறு எண்டுதான் நினைச்சனீங்களோ?"

5

முடிவு ஒன்று: "ஓம்" என்றாள். அவன் மன்னித்தான். (பொய்க்குக் கிடைத்த மன்னிப்பு.)

முடிவு இரண்டு: "இல்லை" என்றாள். அவன்... இந்த வசனத்தை ஏழு தரம் தொடங்கிவிட்டேன்.

உண்மையில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கமுன் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது. கஜானன் கடைக்குள் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.