நின்றுபோன திரை

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து புதுச்சேரியிலிருந்து விருத்தாசலம் திரும்பிய ஸ்டான்லியிடம், இரண்டு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பீங்கான் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் அவன். பேனா பிடிக்க அலுப்பு. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவான். மனைவி ரீட்டா படித்துப் பதில் சொல்வாள்.

ஐந்தாம் நாள் காலை, மகள் ஸ்கூலுக்குப் போனதும் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தான். பக்கத்தில் ரீட்டா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுதியதைச் சேமிக்க, பழக்கதோஷத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கினான். திரை அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் விழவில்லை.

"மாட்டிக்கிச்சா?" என்றாள் ரீட்டா.

தலையாட்டினான். ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. விரல்கள் வேகமாக ஓடின. ஏதோ சரிபார்க்கிறான் என்று நினைத்து அவள் மறுபடி பூண்டை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் லேப்டாப்பை அணைக்கப் போனான்.

"இருங்க, லெட்டரு போயிடப் போவுது" என்று தடுத்த ரீட்டா, அவன் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வெண்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒண்ணும் கெட்டுப்போவலக்கா" என்றாள் வெண்பா. "கன்ட்ரோல் எஸ்ஸு அமுக்கியிருப்பாரு. அந்தக் கறுப்புத் திரையில அது ஸேவ் பண்ணாது, திரைய நிறுத்தி வச்சிடும். ஆபீஸ் மெஷின்ல நான் அத எடுத்து வுட்டுருந்தேன், அதான் அண்ணனுக்குத் தெரியல. கன்ட்ரோலும் க்யூவும் சேத்து அமுக்குங்க. தட்டுனதெல்லாம் வந்துடும்."

ஸ்டான்லி சட்டென்று லேப்டாப்பை மூடக் கை நீட்டினான். அதற்குள் ரீட்டா அமுக்கிவிட்டாள்.

நின்றிருந்த எழுத்தெல்லாம் ஒரே மூச்சில் திரையில் கொட்டியது. லீவு லெட்டருக்குக் கீழே இப்படி இருந்தது:

"ரீட்டா, பயமா இருக்குது. கொரலு வராமலே போயிட்டா, ஞாயித்துக்கெழம கோயில்ல பைபிள் வாசகம் எப்புடி வாசிப்பேன். பாப்பாவ எப்புடிக் கூப்புடுவேன். ஒங்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்ட."

அவள் இரண்டு முறை படித்தாள். ஸ்டான்லி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சும்மா."

"இனிமே நிக்காம இருக்க ஒரு வரி சேக்கணும். அந்தத் திரைக்குன்னு ஷெல் செட்டிங் ஃபைலு ஒண்ணு இருக்கும், அத அண்ணன் தொறப்பாரு. கடைசியில எஸ் டி டி ஒய், கொஞ்சம் எடம் வுட்டு, மைனஸ் போட்டு ஐ எக்ஸ் ஓ என்."

ஸ்டான்லி தட்டினான். பிறகு புதிதாய் ஒரு திரையைத் திறந்து கன்ட்ரோல் எஸ் அமுக்கிப் பார்த்தான். நிற்கவில்லை.

போனை வைத்ததும் ரீட்டா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள்.

"நான் மட்டும் எங்க தூங்குறேன். நீங்க முழிச்சிக்கினு கெடக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா."

அவன் படித்துவிட்டு அவள் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் டாக்டர் பேசச் சொன்னார். காற்றும் கரகரப்புமாக ஒரு சத்தம் வந்தது. அது தன் பெயர்தான் என்று ரீட்டாவுக்குப் புரிந்தது.