வெய்க்கோ மாமாவின் சட்டை

எங்கள் வேட்டைக் குடிசையில் ஒரே ஒரு சட்டம்தான். மானைக் கோட்டை விட்டவரின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் ஆண்டும் எழுதி, சுவரில் ஆணியடித்துவிடுவோம். மிச்சிகனின் இந்த வடகோடியில் வேக வரம்பைக்கூட மதிக்காதவர்கள் இதை மதிப்பார்கள்.

நவம்பர் பதினைந்து, சீசனின் முதல் நாள். அக்கா ஐலி பனியைக்கூட உதறாமல் உள்ளே வந்து துப்பாக்கியை மேசையில் வைத்தாள். அம்மாவின் தம்பி வெய்க்கோ மாமா கத்தரியோடு தயாராக இருந்தார்.

"இவ்ளோ பெரிய கொம்பு! உன் மரத்து மேடைக்கு நேர் கீழ நின்னுச்சாம், பெர்தொலினி பாத்திருக்கான். ஒரு வெடிச்சத்தம்கூட வரலையேம்மா?"

"துப்பாக்கி போல்ட் மூடல மாமா. தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டற கைப்பிடி பாதியிலயே நின்னுடுச்சு. நான் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அது நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போயிடுச்சு."

"மூடலையா, மூட முடியலையா? பொம்பளைக் கைக்கு வலு பத்தலைன்னு சொல்லு."

ஐலி டிராக்டர் டயரைத் தனியாகக் கழற்றுகிறவள். மாமா அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

"அதான் பொண்ணுங்களைக் கேம்ப்புல சேக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். சட்டைய இன்னிக்கு மாட்டிடுவோம். அடுத்த வருஷம் அந்தக் கட்டில்ல யாருன்னு பேசுவோம்."

இந்தக் குடிசையில் முதன்முதலாகக் கட்டில் கிடைத்த பெண் அவள். அவள் முகம் சிவந்தது. கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால் வீட்டில் நாங்கள் சாமான்களை ஓரமாக எடுத்து வைப்போம்.

"வெட்டறதுக்கு முன்னாடி பாத்துடலாம்" என்று துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை எல்லோருக்கும் காட்டினாள். காலியாகவே மூடிப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது.

"குளிருக்கு கிரீஸ் உறைஞ்சிருக்கும்" என்றார் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் வேட்டைக் கூட்டாளி பெர்தொலினி. போல்ட்டை உருவி, துடைத்து, அடுப்பருகே வைத்து மறுபடி போட்டாள். பலனில்லை.

"குடு இங்க." மாமா பிடுங்கி, உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். கைப்பிடி கீழே போனது. "பாத்தியா? ஆம்பளைக் கை!"

"இப்பத் திறங்க."

திறக்கவில்லை. இழுத்தார், முழங்காலுக்கு நடுவில் வைத்து முக்கினார், கடைசியில் விறகுக் கட்டையால் தட்டினார். நான் கல்லூரியில் தத்துவம் படிப்பதால் என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

ஐலி துப்பாக்கியை வாங்கி, குறிபார்க்க மாமா நேற்று மாட்டிய புது ஸ்கோப்பைக் கழற்றினாள். போல்ட் அசையவில்லை. ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகட்டின் பின்பக்கத் திருகுகளை எடுத்தாள். அசையவில்லை. முன்பக்கத்தில் ஒரு திருகை எடுத்ததும், கைப்பிடி ஒற்றை விரலுக்கு எழுந்தது. போல்ட் முனையில் பளபளவென்று ஒரு கீறல்.

நான்கு திருகுகளையும் கழற்றி மேசையில் நிறுத்தினாள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உயரம்.

"இது மட்டும் ஏன் மாமா நீளம்? உள்ள துருத்திக்கிட்டு போல்ட்ட முட்டுது."

"ஒண்ணு பலகை இடுக்குல விழுந்துடுச்சு. டப்பாவுல இருந்து வேற எடுத்தேன். மரை சரியாத்தானே உக்காந்துச்சு!"

"மாட்டினப்புறம் போல்ட்ட மூடிப் பாத்தீங்களா?"

"துப்பாக்கிக் குழாய் வழியா மரத்தப் பாத்து ஸ்கோப்ப நேர் பண்ணினேன். எவ்ளோ நேரம் தெரியுமா?"

"குழாய் வழியாப் பாக்கணும்னா போல்ட்டக் கழட்டணும்."

"கழட்டினேன்."

"திருப்பி?"

"செருகி வச்சேன்."

"மூடி?"

மாமா அந்த விறகுக் கட்டையை அடுப்பில் போட்டார்.

"ஸ்கோப்பே வேணாம்னேன். பொண்ணுக்குக் குறி தவறும்னு மாட்டினீங்க. ஒரு தோட்டா சுட்டுப் பாக்கறேன்னேன். மான் மிரண்டுடும்னு தடுத்தீங்க. இப்ப என் சட்டையா? என் கட்டிலா?" இப்போது கத்தினாள். சுவரில் இருந்த பழைய சட்டைத்துண்டுகள்கூட ஆடியதாக எனக்குத் தோன்றியது.

"சரி விடும்மா. யாரும் சுடவே இல்லையே? சுடாம எப்படிக் கோட்டை விடறது? சட்டத்துல இடமில்ல."

"அந்தச் சட்டம், கத்தரி உங்க கையில இருந்தப்ப எங்க போச்சு?"

"திரும்பு வெய்க்கோ" என்றார் பெர்தொலினி.

வழக்கமாக ஒரு சாண்தான் வெட்டுவோம். ஐலி இடுப்பில் தொடங்கி பிடரி வரை போனாள்.

"வருஷம் மட்டும் போடாதேம்மா."

போட்டாள். பிறகு ஸ்கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டு, துப்பாக்கியில் முன்பே இருந்த குறிபார்க்கும் பழைய இரும்பு முனையே போதும் என்று கிளம்பினாள். வாசலில் நின்று, மாமா காதில் விழும்படி, காலித் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள்.

"தம்பி, கறி அடைச்ச என் பேஸ்டிய எடுத்து வை. மாமாவுக்குக் கெட்சப் மட்டும் போதும்."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. மாமா முதுகை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்கயோ காத்து வருதே" என்றார்.