முன்கூட்டிச் சொன்ன நன்றி

“நேத்து சாயங்காலம் நம்ம தெருவை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நடைபாதை மேலயே போனேன். ஒரு இடத்துலகூடக் கீழே இறங்கலே!”

சலூனில் இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற லிப்ட் ஆபரேட்டர். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஹார்டுவேர் கடை முதலாளியும் ஒருவர். அவர் முகத்தில் நுரை, தொண்டையில் கத்தி. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது.

நிலாவுக்குப் போய்வந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட நாலு பேர் நம்பியிருப்பார்கள். அந்த நடைபாதையில் முழுசாக நடந்த கடைசி ஆள், அதைப் போட்ட மேஸ்திரிதான். அவரும், சிமெண்ட் காய்ந்துவிட்டால் அப்புறம் இடம் கிடைக்காது என்று ஈரத்திலேயே ஓடிப்போனவர். பேக்கரியின் தட்டுகள், சைக்கிள் கடையின் டயர்கள், சலூன் பெஞ்சு. எல்லாவற்றுக்கும் சிகரமாக ஹார்டுவேர் கடையின் பெயிண்ட் டிரம்கள், குழாய்கள், ஏணிகள், வாளிக் கோபுரம். எலிகூட அந்த இடம் வந்ததும் ரோட்டில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

தெருவெங்கும் பேச்சு, லிப்ட்காரருக்கு மகள் வாங்கிக் கொடுத்த வண்டியைப் பற்றித்தான். இரண்டு சக்கரம், நடுவே நிற்க ஒரு பலகை, பிடிக்க ஒரு கம்பு. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும்; விழாமல் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். அதன் விலையைக் கேட்ட பேக்கரிக்காரர் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் காசுக்கு ஒரு பழைய காரே வாங்கலாம்,” என்பது முதலாளியின் கட்சி. “ஆயுசு பூரா லிப்டுல மேலயும் கீழயும் போன மனுஷன். இப்ப பக்கவாட்டுல போக ஆசை வந்துடுச்சு. பாத்துக்கிட்டே இருங்க, அந்தக் கம்புல ஈரத்துண்டு காயப்போறது நிச்சயம்.”

அன்று சலூனில் லிப்ட்காரர் அந்த ஒரு பொய்யோடு நிறுத்தவில்லை. “நான் நன்றி சொல்லணும்னா முதல்ல நம்ம சலூன்காரருக்குத்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலே. வண்டியைப் பார்த்ததும் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுட்டாரு. மனசுன்னா அது மனசு!”

சலூன்காரரின் கத்தி நின்றது. பெஞ்சு அந்த நிமிஷமும் வெளியேதான் கிடந்தது. அதில் இரண்டு பேர் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களெல்லாம் அவரை ஒரு மகானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“அது... அதென்ன அண்ணே பெரிய விஷயம்,” என்று நெளிந்தார் சலூன்காரர்.

மறுநாள் பெஞ்சு உள்ளே போய்விட்டது.

அப்புறம் பேக்கரிக்கு நன்றி வந்தது. பேக்கரிக்காரர் குடும்பத்தோடு நின்று தட்டுகளை நகர்த்தி, கையசைத்து வழியனுப்பினாராம்! சைக்கிள் கடைக்காரரோ டயர்களை மாலை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாராம்! நடக்காத உபகாரத்துக்குத் தெருவே கூடிப் பாராட்டியதும், செய்யாதவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒவ்வொருவராகச் செய்துவிட்டார்கள்.

முதலாளிக்கு மட்டும் இந்தச் சூது அன்றைக்கே புரிந்துவிட்டது. “என்கிட்ட அவர் பருப்பு வேகாது. எனக்கு நன்றி வரட்டும், ‘பொய்’னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்,” என்று காத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தும் வைத்தார்.

நன்றி வரவே இல்லை. தும்மல் வந்து நின்றுபோனவர்போல முதலாளி தவித்தார். போதாக்குறைக்கு வீட்டில் மனைவி வேறு, “என்னங்க, அந்த மனுஷன் தெரு நாய்க்குக்கூட நன்றி சொல்றாராமே? நம்ம கடைப் பேரு மட்டும் வாயில வரலையாம்!” என்று எடுத்துக்கொடுத்தாள்.

ஒரு மாலை லிப்ட்காரர் நடைபாதையிலேயே சர்ரென்று வந்து, ஹார்டுவேர் கடை டிரம்களுக்கு முன்னால் நின்றார். வண்டியிலிருந்து இறங்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. லிப்டுக்குள் நின்று நின்றே முட்டி இரண்டும் தேய்ந்திருந்தன.

“என்ன சார், மந்திரக் குதிரை டிரம்மைத் தாண்டாதா?” என்றார் முதலாளி. “எனக்கு நன்றி எப்பச் சொல்லப்போறீங்க?”

“சொல்லலாம் முதலாளி. ஆனா உங்க கடைகிட்ட வந்ததும் முட்டியில உயிர் போகுதா, பொய் தொண்டையிலயே நின்னுடுது.”

சிரித்துக்கொண்டேதான் வண்டியை ரோட்டில் இறக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் உரசுகிறாற்போல் போனது. மிரண்டுபோய்ப் பின்வாங்கியவர் வாளிக் கோபுரத்தின் மேல் சாய, கோபுரம் மொத்தமும் சரிந்து, தெரு முழுக்க வாளி உருண்டது. நல்லவேளை, அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எதிரே, வேலை முடிந்து வந்த மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

“ரோட்டுல இறங்கமாட்டேன்னு சொன்னதாலதானே வாங்கிக் குடுத்தேன்? போதும்ப்பா. நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். இந்த மாசத்துக்குள்ளன்னா எடுத்துக்குவாங்க.”

லிப்ட்காரருக்கு முதல்முறையாகக் கதை எதுவும் வரவில்லை. “அப்ப உங்கம்மா?” என்றார். “நர்ஸ் வந்து கூப்பிட்டாக் கண்ணை மூடிக்கறா. என் கையைப் பிடிச்சாத்தான் எழுந்து நிக்கறா. இந்தக் கொஞ்ச தூரத்துக்கு எந்த ஆட்டோக்காரனும் வர்றதில்லே. நான் போகலேன்னா அவளுக்குக் கட்டிலே கதின்னு ஆயிடும்மா.”

தெருக்கோடியில் பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்கும் ஆஸ்பத்திரி இருப்பது முதலாளிக்குத் தெரியும். அவர் சரக்கு போட்ட இடம்தான். அங்கே இந்த மனிதரின் மனைவி கிடக்கிறாள் என்பது தெரியாது. வண்டியின் விலையை விசாரித்தவர், அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

கண்ணாடி முன்னால் பழகிவைத்த பேச்செல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. “அம்மா, ஒரே ஒரு நாள் பொறுத்துக்க,” என்றார் மகளிடம். “நாளைக்கு நீயே வந்து பாரு.”

அன்றே சரக்கெல்லாம் உள்ளே போனது. கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. முதலாளி ஒரு டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு, ஏணிப் படிகளுக்கு நடுவே தலையை நீட்டித்தான் வியாபாரம் பார்த்தார். சிறைக்கைதிக்கு விலைப்பட்டியல் கொடுத்தாற்போல் இருந்தது.

மறுநாள் லிப்ட்காரர் புறப்பட்டார். பின்னால் மகள். அவளுக்குப் பின்னால், கடையைப் பூட்டிவிட்டு முதலாளியும். எத்தனையோ வருடமாகப் பைக்கிலேயே போய்வந்தவர், தன் தெரு நடைபாதையில் அன்றுதான் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் கணவரைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னைக்கு... சீக்கிரம்?” என்றாள் குழறிய நாக்கில். பிறகு அவர் கையைப் பிடித்து எழுந்து, ஜன்னல் வரை நடந்தாள். முதலாளி கதவோரம் நின்று, சுவரில் ஏதோ பெயிண்ட் உரிந்திருப்பதை ரொம்ப நேரம் ஆராய்ந்தார்.

அடுத்த நாள் சலூனில் லிப்ட்காரர் பழையபடி ஆரம்பித்தார். இரண்டு நாளாகக் கடையை விட்டு வெளியே எட்டிப் பார்க்காத சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, என் பெஞ்சுக் கதையைக்கூட ஜனங்க நம்பிட்டாங்க. ஹார்டுவேர் கடையைத் தாண்டினேன்னு மட்டும் சொல்லாதீங்க, இந்தக் கண்ணாடியே சிரிக்கும்!”

“தாண்டினேன்யா! அதுக்கு முதலாளிக்குத்தான் கோடி நன்றி...”

“வேண்டாம் சார்,” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தார் முதலாளி. “எடுத்ததைத் திருப்பி வெச்சவனுக்கு எதுக்கு நன்றி? நடைபாதை என் கடை வாசல் இல்லே, எல்லாரோட வழி. நாம வசதிக்குப் போடற ஒவ்வொரு டிரம்மும் முடியாத ஒருத்தர் காலைக் கட்டுது. வழியை நாமளே அடைச்சு வெச்சுட்டு, அவர் வாங்கின வண்டியைக் கேலி பண்ணினேன். வழி இல்லேன்னா எவ்வளவு விலை குடுத்த வண்டியும் ஓடாது.”

“அது உங்க நியாயம். நன்றி சொல்றது என் இஷ்டம்,” என்றார் லிப்ட்காரர், கண்ணைத் துடைத்தபடி.

சலூன்காரருக்கு இன்னும் சந்தேகம். “அப்ப அண்ணன் நிஜமாவே போனாரா, முதலாளி?”

“போனாருப்பா. ஒரு இடத்துலகூட இறங்கலே. பின்னாலயே நடந்து போய் நானே பார்த்தேன்.”