ராகு காலத்துக்கு முந்திய சர்வர்

1998 வைகாசியிலிருந்து, கணபதி வட்டாரத்தில் இருந்த ரங்கராஜின் பம்பு கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல்கள் எழுதுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தன. வெளிநாட்டு வியாபாரிகள் சுறுசுறுப்பாகிவிட்டதாக முதல் வாரம் எல்லோரும் மகிழ்ந்தார்கள். இரண்டாவது வாரம், ரங்கராஜ் இன்னும் மனதில்கூட முடிவுசெய்யாத விலை அதிகம் என்று நைரோபியிலிருந்து பதில் வந்தது. மின்னஞ்சல் போய்வரும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் லோகப்பிரியாதான் விலையை வெளியே சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சரியாகாவிட்டால் லினக்ஸும் வேண்டாம், அவளும் வேண்டாம் என்றார்.

வெள்ளி காலை பத்தரைக்கு அவளை வேலையைவிட்டு நீக்கும் கடிதம் வந்தது. அனுப்பியவர் ரங்கராஜ். அவரோ பின்னால் ஷெட்டில் மோட்டார் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எழுதப்போகும் கடிதத்தைப் பற்றி அவருக்கே இன்னும் தெரியாது.

லோகப்பிரியாவால் உட்கார முடியவில்லை. நின்றபடியே தட்டினாள், நடந்தாள், திரும்பி வந்தாள். சர்வரின் மணி தொண்ணூறு நிமிடம் பின்தங்குவதை அவள் முன்பே கண்டிருந்தாள். காலையில் திருத்தினால் கடிதங்கள் ஒழுங்காகப் போகும். கரண்ட் போய் வந்ததும் பழைய மணியே திரும்பிவிடும். கையேட்டில் கடிகாரம் பற்றிய பகுதிக்கு நேராக, பின்னர் எழுதப்படும் என்று மட்டும் இருந்தது. இணையக் குழுவில் கேட்டதற்கு, எனக்கும் இதே தொல்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கடைசியில் மணியை வைக்கும் நிரலின் மூலத்தையே திறந்து வரிவரியாகப் படித்தாள். கம்ப்யூட்டரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில் பேட்டரியால் ஓடுவது. இன்னொன்று இயந்திரம் எழுந்ததும் அதைப் பார்த்துத் தன் மணியை வைத்துக்கொள்வது. அவள் இத்தனை நாள் திருத்தியது இரண்டாவதை.

முதல் கடிகாரத்தில் கைவைக்கப் போனபோது ஸ்டோர் கீப்பர் நஞ்சுண்டன் ஓடிவந்தார்.

"ஏனுங்க அம்மணி, அதைத் தொட்டுப்போடாதீங்க! இந்தப் பொட்டிக்குப் பூச போட்ட வெள்ளிக்கெழம பூச சாமான் வரத் தாமதமாயிருச்சுங்க. ராகு காலத்துலயா ஆரம்பிக்கறதுன்னு மொதலாளி சொன்னாருங்க. நான்தான் பத்து நாப்பதா இருந்த பொட்டி மணிய ஒம்பது பத்துக்குத் திருப்பி வெச்சேன்."

"அதனால என் வேலை போகுதுங்கண்ணா."

"போனா வேற வேல கெடைக்கும் கண்ணு. போன நல்ல நேரம் கெடைக்குமா?"

மணி பதினொன்று ஐம்பது. அவள் பேட்டரிக் கடிகாரத்தைத் தொடவில்லை. இயந்திரம் எழும்போது படிக்கும் கோப்பில், கிடைக்கும் மணியோடு தொண்ணூறு நிமிடம் கூட்டிக்கொள் என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். பூஜை அதன் நல்ல நேரத்திலேயே இருந்தது, கடிதங்கள் உண்மையான நேரத்துக்கு வந்தன.

பன்னிரண்டு மணிக்கு ரங்கராஜ் தனக்கே ஒரு வரி அனுப்பிப் பார்த்தார். அனுப்பிய பிறகுதான் வந்தது. அவள் அந்தப் பத்தரை மணிக் கடிதத்தைக் காட்டினாள். கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார்.

"நாந்தான் எழுதிப்போட்டனா?"

"இன்னும் எழுதலைங்க சார்."

"செரி, அப்ப எழுதல. வந்த கடுதாசிய ஃபைல்ல போட்டுப்போட்டு, நைரோபிக்காரனுக்கு வெலை அடிங்க அம்மணி."

லோகப்பிரியா அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். ஃபைலில் அந்தக் கடிதம் இருந்ததால், பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே, நீக்கப்பட்டவர், பணியில் இருக்கிறார் என்று வருடா வருடம் எழுதினார்கள். தணிக்கைக்கு வந்த எவரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.